நாய்களுக்குப் பரங்கிக்காய்த் தின்பண்டம்: சமையல் பக்கத்தில் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் அண்ணா நகர், கே.கே. நகர், திருநகர், ஆனையூர் என எந்தப் பக்கம் போனாலும் இன்று நாய் வளர்க்கும் வீடுகள் தெருத்தெருவாகத் தென்படுகின்றன. வளர்ப்பவர்கள் அவற்றுக்குச் சோறும் கறியும் பார்த்துப் பார்த்து வைக்கிறார்கள். தடுப்பூசியும் தவறாமல் போடுகிறார்கள். ஆனால் வேளைச் சாப்பாட்டுக்கு நடுவே ஆசைக்குக் கொடுப்பது என்று வரும்போது, பெரும்பாலான வீடுகளில் கை போவது தேநீர்க் கடைக் கண்ணாடி ஜாடியில் இருக்கும் அதே பிஸ்கட்டுக்குத்தான். மைதா, சர்க்கரை, பனை எண்ணெய் ஆகியவற்றால் ஆன அந்த பிஸ்கட்டின் இடத்தில், பரங்கிக்காயும் சிறுதானிய மாவும் சேர்த்து வீட்டு அடுப்பிலேயே செய்யக்கூடிய ஒரு தின்பண்டத்தை வைக்கலாம் என்பதையும், அதைச் செய்யும்போது நம் சமையலறையில் எவற்றை விலக்கியாக வேண்டும் என்பதையும் தங்கள் நாளிதழின் சமையல் பக்கம் மக்களிடம் கொண்டு சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கடையில் விற்கும் குளுக்கோஸ் பிஸ்கட்டுகள் பலவற்றில் எடையில் ஏறத்தாழ கால் பங்கு சர்க்கரை. 100 கிராமில் சுமார் 450 கலோரி இருக்கிறது. மனிதக் குழந்தைக்கே அளவோடு கொடுக்கச் சொல்லும் ஒரு பண்டத்தை, பத்து கிலோ எடைகூட இல்லாத ஒரு பிராணிக்கு, வாலை ஆட்டுகிறதே என்பதற்காக நாளெல்லாம் கொடுக்கிறோம். வெளியே ஓடி ஆட வழியில்லாமல் மாடி வீட்டில் வளரும் நாய் இதனால் பருத்துப்போகிறது. பருத்த நாய்க்கு மூட்டு வலியும் மூச்சிரைப்பும் வருவதைக் கால்நடை மருத்துவமனையின் காத்திருப்பு வரிசையில் அரை மணி நேரம் நின்றாலே பார்த்துவிடலாம். செல்லப்பிராணிகளுக்கான கடைகளில் விற்கும் உறைகளில் நல்லவையும் இருக்கின்றன. ஆனால் அவற்றின் விலை எல்லாருக்கும் எட்டுவதில்லை; பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பொருட்பட்டியலைப் படித்துப் புரிந்துகொள்வதும் எல்லாருக்கும் எளிதல்ல.

பரங்கிக்காயை நான் முன்வைப்பதற்குக் காரணம் அதன் மலிவு மட்டுமன்று. மஞ்சள் பூசணி என்றும் சர்க்கரைப் பூசணி என்றும் நாம் சொல்லும் இந்தக் காயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர்தான். பச்சையாக 100 கிராமில் 26 கலோரி அளவே இருப்பதால், நாய்க்கு வயிறு நிறைந்த உணர்வைக் கொடுத்தும் உடலில் கொழுப்பைச் சேர்ப்பதில்லை. இதில் உள்ள நார்ச்சத்தில் நீரில் கரையும் வகையும் உண்டு. அது குடலில் நீரை உறிஞ்சிக் கூழாகி நிற்கும். இளகிய மலத்தை அது திரட்டுகிறது. இறுகிய மலத்துக்கு ஈரம் கொடுத்து இளக்குகிறது. ஒரே காய் லேசான வயிற்றுப்போக்குக்கும் மலச்சிக்கலுக்கும் உதவுவது எப்படி என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை. பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் இந்த நாரை நொதிக்கச் செய்து சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவை குடலின் உட்சுவருக்கே உணவாகின்றன. காய்க்கு மஞ்சள் நிறம் தரும் பீட்டா கரோட்டினை நாயின் உடல் தனக்கு வேண்டிய அளவு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். பூனைக்கு அந்தத் திறன் இல்லை என்பதால், வீட்டில் இரண்டும் வளர்ப்பவர்கள் பூனைக்கும் இதே பலன் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

நாய் கறி தின்னும் பிராணி, அதற்குக் காயும் மாவும் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே, நாயின் முதன்மை உணவில் புரதம் கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் ஓநாயிலிருந்து பிரிந்து மனிதரோடு வாழத் தொடங்கிய நாய், மனிதர் உண்ட தானியத்தையும் செரிக்கக் கற்றுக்கொண்டது. ஸ்வீடனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2013இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட மரபணு ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணுவின் நகல்கள் ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு மிகுந்திருப்பதைக் காட்டியது. நம் பக்கத்து நாய்களைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று தென்மாவட்டங்கள் வளர்த்தெடுத்த நாய்களெல்லாம் ஆட்டுக்கிடையிலும் தோட்டக் காவலிலும் வளர்ந்தவை; வேட்டையில் கறி கிடைத்த நாள் போக, மற்ற நாட்களில் அவற்றின் வட்டிலில் விழுந்தது கம்பங்கூழும் மோரும் சோளக் கஞ்சியும்தான். 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது இராசபாளையம் நாய்க்கும் அதில் இடம் கிடைத்தது. அத்தகைய நாய்களை உருவாக்கிய மண்ணில், அவற்றுக்குப் பழகிய தானியத்தையே தின்பண்டமாக்கிக் கொடுப்பது புதுமை என்று சொல்வதற்கில்லை. ஒன்றை மட்டும் மறக்கலாகாது: தானியம் நன்றாக வெந்திருக்க வேண்டும். அரைவேக்காட்டு மாவு நாயின் வயிற்றில் காற்றைச் சேர்த்து உப்பச் செய்யும்.

காய்க்கு மதுரையில் பஞ்சமே இல்லை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று திறக்கப்பட்டது நம் அண்ணா நகரில்தான்; அங்கும், பரவையிலும், மாட்டுத்தாவணியிலும் பரங்கிக்காய் கீற்றாகவும் முழுக் காயாகவும் கிடைக்கிறது. மார்கழியில் வாசல் கோலத்துக்குப் பூவைக் கொடுத்த கொடி, பொங்கலுக்குக் காயைக் கொடுக்கிறது. பொங்கல் முடிந்த கையோடு விலையும் இறங்கும். காம்போடு கூடிய முழுக் காயைக் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. வெட்டிய கீற்றாக வாங்கினால் அன்றே சமைத்துவிட வேண்டும். விரல் நகம் எளிதில் இறங்காத முற்றிய தோலும், வெட்டினால் ஆழ்ந்த மஞ்சள் நிறமும் உள்ள காயில் நீர் குறைவாகவும் சதை கெட்டியாகவும் இருப்பதால் இந்த வேலைக்கு அதுவே ஏற்றது. வெட்டியவுடன் ஒரு சிறு துண்டை நாம் வாயிலிட்டுப் பார்க்க வேண்டும். கசந்தால் அந்தக் காயை முழுவதுமாக எறிந்துவிட வேண்டும். பூசணி, சுரை, பீர்க்கு குடும்பத்துக் காய்களில் சில நேரம் மிகுந்துவிடும் குக்குர்பிட்டசின் என்ற கசப்புப் பொருள் மனிதருக்கும் நாய்க்கும் வாந்தியையும் கடும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். வேகவைத்தாலும் அது போகாது. ஆயுத பூசையன்று தெருவில் உடைத்த பூசணியும் இதற்கு உதவாது. அதில் குங்குமமும் கற்பூரமும் காசும் கலந்திருக்கும் என்பதால் நாய்களை அதன் பக்கமே விடாதிருப்பது நல்லது.

இனி செய்முறை. இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஏனென்றால் வெளிநாட்டுக் குறிப்புகளைப் பார்த்துச் செய்பவர்கள் இங்குதான் தடுமாறுகிறார்கள். அமெரிக்காவில் தகர டப்பாவில் வரும் பரங்கி விழுது நீர் வற்றிய கெட்டியான விழுது. நம் காயை அவித்து மசித்தால் கிடைப்பது நீர் மிகுந்த கூழ். அந்தக் குறிப்பில் சொன்ன அளவை நம் கூழுக்கு அப்படியே எடுத்தால் மாவு கையில் ஒட்டும். ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மாவைக் கொட்டினால் கடைசியில் பரங்கிக்காய் பெயருக்குத்தான் மிஞ்சும். ஆகவே காயைத் தோல் சீவி, விதையும் நாரும் நீக்கி, துண்டுகளாக்கி இட்லிப் பானையில் ஆவியில் வேகவைக்க வேண்டும். நேரடியாகத் தண்ணீரில் போட்டு வேகவைப்பது வேண்டாம். வெந்ததை ஒரு வெள்ளைத் துணியில் கொட்டி நீர் வடியவிட்டு, மத்தால் மசித்து, எண்ணெய் தடவாத வாணலியில் சிறு தீயில் வைத்து, அல்வாவைப் போல் ஓரம் விட்டுத் திரண்டு வரும் வரை கிளற வேண்டும். இந்த ஒரு வேலையைப் பொறுமையாகச் செய்துவிட்டால் மற்றவை தாமாக அமையும்.

ஆறிய விழுது 250 கிராமுக்குக் கேழ்வரகு மாவு 250 கிராம் சரியாக இருக்கும். கம்பு மாவும் சேர்க்கலாம். ஆனால் கம்பில் கொழுப்பு மிகுதி என்பதால் அரைத்த மாவு சில நாட்களிலேயே சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். அன்றன்று அரைத்ததாக இருந்தால் மட்டுமே எடுக்க வேண்டும். உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்து மானாவாரி நிலங்களில் விளையும் சோளமும் குதிரைவாலியும்கூட நல்ல தேர்வுகளே. மாவை வாணலியில் வாசம் வரும் வரை வறுத்துக்கொண்டால் வேக்காடு எளிதாகும். சிறுதானிய மாவில் கோதுமையின் இழுவைத் தன்மை இல்லாததால் தட்டும்போது விரிசல் விடும். அதற்கு ஒரு முட்டையை அடித்துச் சேர்த்தால் போதும். முட்டை புழங்காத வீடுகளில் ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி வெந்நீரில் ஊறவைத்துக் கொழகொழப்பாக்கிச் சேர்க்கலாம். உப்பு, சர்க்கரை, கருப்பட்டி, நெய், சோடா உப்பு எதுவும் வேண்டாம். பரங்கிக்காயின் இயல்பான இனிப்பே நாய்க்குப் போதுமானது. தண்ணீர் தெளிக்கத் தேவையிராது. சப்பாத்தி மாவைவிடச் சற்றே கெட்டியாகப் பிசைந்து, அரை சென்டிமீட்டர் கனத்தில் தட்டி, சுமார் மூன்று சென்டிமீட்டர் சதுரங்களாகக் கீற வேண்டும்.

சுடுவதற்கு மின்னடுப்பு (ஓவன்) இருந்தால் 160 முதல் 170 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்து, அணைத்த பிறகும் உள்ளேயே ஆறவிட்டால் மொறுமொறுப்பாகும். இல்லாத வீடுகளில், கேக் செய்வதற்கு நாம் செய்வதுபோலவே, கனத்த குக்கரில் ஒரு படுக்கை உப்பைக் கொட்டி, மேலே ஒரு தாங்கியும் தட்டும் வைத்து, ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் நீக்கி மூடி, சிறு தீயில் நாற்பது நிமிடம் வைக்கலாம். தோசைக்கல்லிலும் மூடி போட்டுச் சிறு தீயில் இருபுறமும் திருப்பி எடுக்கலாம். நம் ஊர் வெயில் இருக்கும்போது வடகம்போல் காயவைத்தால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது: முழுவதும் வெந்த துண்டுகளை, மேலும் ஈரம் போக ஒரு நாள் வெயிலில் வைப்பதில் தவறில்லை, வேகாத ஈரத் துண்டுகளை வெயிலை மட்டும் நம்பிக் காயவைக்கக் கூடாது, முட்டை சேர்த்திருந்தால் கூடவே கூடாது. பல் தேய்ந்த முதிய நாய்க்கு இதே மாவைப் பிடிகொழுக்கட்டையாகப் பிடித்து இட்லித் தட்டில் அவித்துக் கொடுக்கலாம்; அது குளிர்பெட்டியில் மூன்று நாளைக்கு மேல் இருக்கக் கூடாது. சுட்ட துண்டுகள் முழுக்க ஆறிய பிறகு ஈரமில்லாத டப்பாவில் நான்கைந்து நாட்களும், குளிர்பெட்டியில் ஒரு வாரத்துக்கு மேலும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் வெளியே வைப்பதே வேண்டாம். ஒரு துண்டில் பூஞ்சை தெரிந்தாலும் டப்பா முழுவதையும் கொட்டிவிட வேண்டும்; பூஞ்சை நஞ்சு கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நின்றுவிடுவதில்லை.

எல்லாவற்றிலும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, நமக்காகச் சமைத்த பரங்கிக்காயை நாய்க்குக் கொடுக்கக் கூடாது என்பதே. காய் நல்லது என்று கேள்விப்பட்டவுடன், மதியம் மீந்த பரங்கிக்காய்ப் புளிக்குழம்பைச் சோற்றில் பிசைந்து வைக்கும் பழக்கம் இங்கே எளிதாக வந்துவிடும். அந்தக் குழம்பில் நாய்க்கு ஆகாதவை பல சேர்ந்திருக்கின்றன. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்தசோகையை உண்டாக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயமே ரத்தத்தில் மாற்றத்தை ஏற்படுத்தப் போதும். எடைக்கு எடை பூண்டு அதைவிடக் கடுமையானது. வதக்கினாலும் காயவைத்துப் பொடித்தாலும் அந்தத் தன்மை மாறாது. பாதிப்பு உடனே தெரியாமல், சில நாட்கள் கழித்து ஈறு வெளுத்துச் சிறுநீர் சிவந்த பிறகே தெரிய வருவதால், எதனால் வந்தது என்று வீட்டாருக்குப் புரிவதே இல்லை. புளியைப் பற்றி நம்மவர்கள் பெரும்பாலும் அறிந்திருப்பதில்லை. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும் என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்ததே. அதற்குக் காரணம் அவற்றில் உள்ள டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று அமெரிக்கக் கால்நடை நச்சியல் மருத்துவர்கள் அண்மை ஆண்டுகளில் கருதத் தொடங்கியுள்ளனர். அதே அமிலம் நிறைந்த புளியைத் தின்ற நாய்களுக்கும் சிறுநீரகப் பாதிப்பு வந்ததை 2022இல் வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்று பதிவு செய்திருக்கிறது. குழம்பும் ரசமும் இல்லாத நாள் இல்லாத நம் வீடுகளில் இந்தச் செய்தி பரவலாகச் சென்றடைய வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை ஆண்டு முழுவதும் மதுரைக்கு வந்து இறங்குவதால், தரையில் உருண்ட ஒரு பழத்தை நாய் கவ்விக்கொள்வதும் இங்கே அன்றாடம் நடக்கக்கூடியதே. எந்த நாய்க்கு எத்தனை பழத்தில் தீங்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால், ஒன்றுகூடக் கொடுக்காதிருப்பதுதான் பாதுகாப்பு. சர்க்கரைப் பொங்கலிலும் பாயசத்திலும் இருக்கும் உலர்திராட்சைக்கும் இது பொருந்தும்.

நீரிழிவு உள்ளவர்கள் இருக்கும் வீடுகளில் இன்னொரு அபாயம் உண்டு. சர்க்கரை இல்லாதது என்ற பெயரில் விற்கும் சூயிங்கம், மிட்டாய், சில வகை நிலக்கடலை வெண்ணெய் ஆகியவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்க்கப்படுகிறது. மனிதருக்குத் தீங்கில்லாத அது, நாயின் உடலில் இன்சுலினைத் திடீரெனச் சுரக்கச் செய்து, அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும். உறையில் சைலிட்டால் என்றோ 967 என்ற எண்ணாகவோ அது குறிக்கப்பட்டிருக்கும். நாய்த் தின்பண்டத்துக்கு நிலக்கடலை சேர்க்க விரும்புவோர், வறுத்துத் தோல் நீக்கிய கடலையை வீட்டில் அரைத்துச் சிறிதளவு சேர்ப்பதே நல்லது; அதிலும் பூஞ்சை பிடித்த, சுருங்கிய பருப்புகளைப் பொறுக்கி எறிய வேண்டும். வெளிநாட்டுப் பரங்கிக் குறிப்புகளில் வரும் சாதிக்காய்ப் பொடியும் நாய்க்கு ஆகாது. சாக்லேட், காப்பித்தூள் ஆகியவற்றைப் பற்றி ஓரளவு எல்லாரும் அறிவார்கள்.

எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்குக் கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு, நாயின் ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கு. மேலே சொன்ன அளவில் பிசைந்த மாவு முழுவதிலும் ஏறத்தாழ 950 கலோரி இருக்கும். அதை நூறு துண்டுகளாக்கினால் ஒரு துண்டு பத்துக் கலோரிக்குச் சற்றுக் குறைவு. இனப்பெருக்கத் தடை அறுவை செய்யப்பட்ட, பத்து கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளுக்குச் சுமார் 630 கலோரி தேவைப்படும் என்று கணக்கிடுவதால், ஆறு துண்டுகள் வரை கொடுக்கலாம். இருபது கிலோ எடையுள்ள சிப்பிப்பாறைக்குப் பத்துத் துண்டுகள். அந்த அளவுக்கு வேளை உணவையும் குறைத்துக்கொள்ள வேண்டும். முதல் நாளில் ஒரு துண்டு மட்டும் கொடுத்து, இரண்டு மூன்று நாட்கள் மலத்தைக் கவனித்த பிறகே கூட்ட வேண்டும். நார்ச்சத்து திடீரென மிகுந்தால் நல்லதே வயிற்றுப்போக்காக மாறும். தின்பண்டத்தோடு தண்ணீர் வட்டிலும் நிறைந்திருக்க வேண்டும் என்பதை, சித்திரை வெயிலைக் கண்ட மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சிறுநீரக நோயுள்ள நாய்க்குப் பரங்கிக்காயில் உள்ள பொட்டாசியமும், நீரிழிவுள்ள நாய்க்கு அதிலுள்ள மாவுச்சத்தும் ஒத்துவராமல் போகலாம். அவற்றுக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. தாய்ப்பால் மறக்காத குட்டிகளுக்கு இது தேவையில்லை. பரங்கி விதை குடற்புழுவை நீக்கும் என்று நம்பி மாத்திரையை நிறுத்திவிடுவோரும் உண்டு. வறுத்துப் பொடித்த உப்பில்லா விதை ஒரு சிட்டிகை சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் அது புழு நீக்க மருந்தின் இடத்தைப் பிடிக்காது. ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, தொடர் வாந்தி, சோர்வு ஆகியவை இருந்தால் பரங்கிக்காயை நம்பி ஒரு நாளைக்கூடக் கடத்தாமல் மருத்துவரிடம் போக வேண்டும். குட்டிகளுக்கு வரும் பார்வோ வைரஸ் நோய் இப்படித்தான் தொடங்குகிறது.

தெரு நாய்களுக்கு இதைக் கொடுக்கலாமா என்று சிலர் என்னிடம் கேட்டதுண்டு. கொடுக்கலாம், பிஸ்கட் பொட்டலத்தை அப்படியே கொட்டுவதைவிட இது மேல். பள்ளி வாசலிலும், குழந்தைகள் விளையாடும் இடத்திலும் கொடுக்காமல், மாநகராட்சி இதற்கென ஒதுக்கிய இடத்தில் மட்டும் வைக்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, இதற்குப் புதிதாக எதையும் உருவாக்க வேண்டிய நிலை நமக்கு இல்லை. ஒத்தக்கடையில் வேளாண்மைக் கல்லூரியும், அதே வளாகத்தில் உணவியல் கற்பிக்கும் சமுதாய அறிவியல் கல்லூரியும் (முன்பு மனையியல் கல்லூரி) இருக்கின்றன. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் மதுரையில் இயங்குகிறது. தேனி மாவட்டம் வீரபாண்டியில் 2020 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. சிறுதானிய மாவில் எவ்வளவு பரங்கி விழுது சேர்த்தால் எத்தனை நாள் கெடாமல் இருக்கும், எந்த வெப்பத்தில் சுட்டால் ஈரம் முழுவதும் போகும் என்பனவற்றைச் சோதித்துச் சொல்வது இந்நிறுவனங்களுக்குக் கடினமான வேலை அல்ல. அவர்கள் சரிபார்த்துக் கொடுக்கும் ஒரு செய்முறை இருந்தால், அதை மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொழிலாகவே எடுத்துச் செய்ய முடியும். களஞ்சியம் இயக்கத்தின் வழியே சிற்றூர்ப் பெண்களின் சேமிப்பை ஒன்றுதிரட்டி, 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்ற சின்னப்பிள்ளை அவர்களின் மாவட்டம் இது. ஊறுகாயும் மசாலாப் பொடியும் விற்கும் குழுக்கள், பொங்கலுக்குப் பின் விலை சரியும் காயை வாங்கி, இந்தத் தின்பண்டத்தைச் செய்து விற்றால், விவசாயிக்கும் ஒரு வழி பிறக்கும். மசாலாப் பொடி அரைக்கும் அதே இயந்திரத்தில் நாய்த் தின்பண்டத்துக்கான மாவை அரைக்கக் கூடாது என்பதும், உறையின் மேல் பொருட்கள், செய்த நாள், கலோரி ஆகியவற்றைத் தமிழில் அச்சிட வேண்டும் என்பதும் முதல் நிபந்தனைகளாக இருக்க வேண்டும்.

தங்கள் சமையல் பக்கத்தில் மாதம் ஒருமுறையேனும் செல்லப்பிராணிகளுக்கான ஒரு செய்முறையை, கால்நடை மருத்துவர் ஒருவர் பார்த்து ஒப்புதல் அளித்த பிறகு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதல் குறிப்பாகப் பரங்கிக்காயை எடுத்துக்கொண்டால், வெங்காயம், பூண்டு, புளி, திராட்சை, சைலிட்டால் ஆகிய ஐந்தின் பெயர்களையும் செய்முறைக்குக் கீழே தனிக் கட்டத்தில், கொட்டை எழுத்தில் அச்சிட வேண்டும். வெட்டி எடுத்து அடுப்படிச் சுவரில் ஒட்டிக்கொள்ள அது உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி,
மதுரை.